214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647

(நமது முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் நான் பேசியதன் எழுத்து வடிவம். மலர்க்குழுவினர் கேட்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே இருக்கிறது, பொறுத்துக்கொள்ளவும்.)



சங்கச் செயலாளர் அண்ணன் போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டு, "வாழ்க்கையில் முன்னேறிய கதையைப் பற்றி மாணவர்களுக்கு ஏதாவது பேசுப்பா" என்றார். "அண்ணே, அப்படிச் சொல்ற மாதிரி என்கிட்ட ஒண்ணும் இல்லை. ஒரே ஒரு எண்ணைப் பத்தி எனக்கு நல்லாத் தெரியும், அதைப் பத்தி வேணா பேசட்டுமா" என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எத்தனை நிமிஷம்?" என்றார். இருபது நிமிடம் வாங்கியிருக்கிறேன்.

அந்த எண் 2147483647. நம் வழக்கத்தில் படித்தால் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647.

நான் 2006-இல் முதலாண்டு சேர்ந்தேன். முன் வரிசையில் அமர்ந்திருக்கிறாரே நம் கணக்கு சார், அவர்தான் எங்களுக்கு முதல் பருவம் எடுத்தார். ஓய்வு பெற்றும் அந்தக் கதர்ச் சட்டையும் அந்தப் பார்வையும் மாறவில்லை. ஒருநாள் வகுப்புக்கு வந்தவர் பாடம் எதுவும் சொல்லாமல் கரும்பலகையின் வலது மூலையில் இந்த எண்ணை எழுதி, சுற்றிக் கட்டம் போட்டு, "இதை ஒரு வாரத்துக்கு யாரும் அழிக்கக் கூடாது. இதுக்கு 1-ஐயும் தன்னையும் தவிர வேற காரணி உண்டா இல்லையா, கால்குலேட்டர் தொடாம சொல்லுங்க" என்றார். நாங்கள் அன்று மெஸ்ஸில் என்ன குழம்பு என்பதைப் பற்றித்தான் அதிகம் விவாதித்தோம் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன், சார்.

ஆனால் வாரக் கடைசியில் அவர் விடையைச் சொன்ன விதம் மறக்கவில்லை. முதலில் இந்த எண்ணைப் பிரித்துக் காட்டினார்: 2-ஐ 31 முறை பெருக்கி, அதிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவது இது. அதாவது 2³¹ − 1. இந்த வகை எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். மெர்சென் ஒரு பிரெஞ்சுத் துறவி. எந்தெந்த அடுக்குக்கு இப்படிப் பகா எண் கிடைக்கும் என்று 1644-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 என்பது பட்டியல். பாதிரியார் 67-லும் 257-லும் தவறிவிட்டார். 61, 89, 107 மூன்றையும் விட்டுவிட்டார். ஆனால் 31 சரி.

சரி என்பதை நிரூபித்தவர் ஆய்லர். 1772-இல், பீட்டர்ஸ்பர்க்கில் இருந்துகொண்டு, பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொன்னார். அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்தை நெருங்கியிருந்தது. கண் பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. கரும்பலகையே தெரியாத மனிதர் பத்து இலக்க எண்ணைப் பகா எண் என்று நிறுவுகிறார்!

எப்படி? ஒரு எண்ணுக்குக் காரணி இருந்தால், அதில் ஒன்றாவது அதன் வர்க்கமூலத்துக்குள் இருக்க வேண்டும். நம் எண்ணின் வர்க்கமூலம் 46,340-க்குச் சற்று மேல். ஆகவே 46,340 வரை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கலாம். பகா எண்களால் மட்டும் வகுத்தாலும் சில ஆயிரம் வகுத்தல்கள். ஆய்லர் அப்படிச் செய்யவில்லை. காரணி என்று ஒன்று இருந்தால் அது எப்படிப்பட்ட ஆளாக இருக்க வேண்டும் என்று முதலில் யோசித்தார். (திருடனைப் பிடிக்க ஊரையே சோதனை போடாமல், ஆறடி உயரம், இடது கால் நொண்டி என்று அடையாளம் வைத்துத் தேடுவது மாதிரி என்பது சாருடைய உவமை.)

முதல் அடையாளம்: 2³¹ − 1-ஐ வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவது 31-ஆல் வகுபட வேண்டும். பெர்மாவின் சிறு தேற்றத்திலிருந்து இது நேராக வருகிறது. 31 பகா எண் என்பதால்தான் வருகிறது. காரணி ஒற்றைப்படை என்பதால் 1 கழித்தது இரட்டைப்படை. ஆகவே 62-ஆல் வகுபட வேண்டும். இரண்டாவது அடையாளம்: அந்தக் காரணியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 தான் வரலாம். இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வருகிற எண்கள் மட்டுமே சந்தேகப் பட்டியலில் மிஞ்சும். 46,340-க்குள் எண்ணிப் பாருங்கள். 63 பகா எண் இல்லை, அதைத் தள்ளினால் மீதி 372 தான். அதிலும் பகா எண் அல்லாதவற்றை விட்டுவிடலாம். எதுவும் வகுக்கவில்லை. ஆகவே பகா எண்.

இந்த அடையாளம் உண்மையில் வேலை செய்கிறதா என்று சந்தேகப்பட்டோம். சார் உடனே 2²⁹ − 1, அதாவது 536870911-ஐ எழுதினார். 29-உம் பகா எண்தான். இங்கே 62-க்குப் பதில் 58. 58-இன் மடங்கோடு 1 கூட்டிக்கொண்டே போனால் 59, 117, 175, 233. 59-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 3, தள்ளு. 117-க்கு மீதி 5, தள்ளு. 175-க்கு மீதி 7, ஆனால் அது 5-ஆல் வகுபடும், தள்ளு. 233-க்கு மீதி 1. வகுத்துப் பார்த்தால் மிச்சமில்லாமல் போகிறது! 233 × 1103 × 2089. நாலாவது ஆளிலேயே திருடன் அகப்பட்டுவிட்டான். அன்று என் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த நண்பன்கூட எழுந்து உட்கார்ந்தான். அவன் இங்கேதான் இருக்கிறான், பெயர் சொல்லமாட்டேன்.

இந்த எண் பல பத்தாண்டுகளுக்கு மனிதருக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண்ணாக இருந்தது. இதிலிருந்து ஒரு நிறைவெண்ணும் கிடைக்கிறது. 6-இன் காரணிகளான 1, 2, 3-ஐக் கூட்டினால் 6; 28-க்கும் அப்படியே. இந்தக் குடும்பத்தில் 2³⁰-ஐ நம் எண்ணால் பெருக்கினால் வரும் 2305843008139952128-உம் சேரும். பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதர் 1811-இல் எழுதிய நூலில், இதைவிடப் பெரிய நிறைவெண்ணை இனி யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை, இவை வெறும் வேடிக்கைதானே தவிரப் பயனில்லாதவை, ஆகவே யாரும் முயலவும் மாட்டார்கள் என்ற பொருளில் எழுதிவிட்டார். 1876-இல் லூகாஸ் என்பவர் 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார். அதற்கு 39 இலக்கம். 2024 அக்டோபரில் கண்டுபிடித்த மெர்சென் பகா எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்துக்கு மேல் இலக்கம். முயலமாட்டார்கள் என்று மனிதர்களைப் பற்றி யாரும் எழுதி வைக்கக் கூடாது போலும்.

பயனில்லை என்பதும் நிற்கவில்லை. கணினியில் ராண்டம் எண் உருவாக்க, ஒரு எண்ணை 16807-ஆல் பெருக்கி 2147483647-ஆல் வகுத்து மீதியை எடுத்துக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. பார்க், மில்லர் இருவரும் 1988-இல் இதைக் குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்தார்கள். நம் எண் பகா எண் என்பதாலும் 16807 சரியாகத் தேர்ந்தெடுத்த பெருக்கி என்பதாலும், 1 முதல் 2147483646 வரை எல்லா எண்களும் ஒருமுறை வந்த பிறகுதான் மறுசுற்று தொடங்கும்.

கணினி படித்தவர்கள் இந்நேரம் நெளிந்துகொண்டிருப்பீர்கள். இந்த எண்ணை நீங்கள் வேறு இடத்தில் பார்த்திருக்கிறீர்கள். 32 பிட்டில் ஒன்று கூட்டல் கழித்தல் குறிக்குப் போய்விட்டால் மீதி 31 பிட். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் இதுதான். அது பகா எண்ணாகவும் இருப்பது தற்செயல். 16 பிட்டின் எல்லையான 32767-உம், 64 பிட்டின் எல்லையும் 7-ஆல் வகுபடும். நானும் இரண்டாம் ஆண்டிலேயே இதைத் தெரிந்துகொண்டு, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கிவிட்டேன். தெரிந்தும் என்ன செய்தேன் என்று சொல்லத்தான் இங்கே வந்தேன்.

படிப்பு முடித்துக் கோவையில் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்தேன். மொத்தம் பத்துப் பேர். 2012-இல் எங்களுக்கு ஒரு தனியார் பால் நிறுவனத்தின் வேலை கிடைத்தது. கிராமத்துப் பால் சேகரிப்பு நிலையத்தில் குளிரூட்டும் தொட்டி இருக்கும். மாலையில் கறந்த பாலை அதில் ஊற்றி 4 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். அந்த வருடம் மின்வெட்டு எப்படி இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் தானாக ஓட வேண்டும். ஓடாமல் பாலின் வெப்பம் ஏறினால் ஆறு பேருக்கு எஸ்.எம்.எஸ். போக வேண்டும். அந்த எஸ்.எம்.எஸ். பகுதி முழுக்க என் வேலை.

நிலையத்தில் ஒரு பெரியவர் பொறுப்பாளர். அதுவரை மின்வெட்டு நாட்களில் அவர் ஜெனரேட்டர் பக்கத்திலேயே கயிற்றுக் கட்டில் போட்டுப் படுப்பாராம். "இனிமே நீங்க வீட்டுக்குப் போயித் தூங்கலாங்க ஐயா, ஏதாச்சும்னா உங்க போனுக்கு மெசேஜ் வந்துரும்" என்று அவரிடம் சொன்னது நான்தான்.

ஜூன் மாதம் ஓர் இரவு எட்டரைக்கு மின்சாரம் போனது. பேட்டரி பலவீனத்தில் ஜெனரேட்டர் கிளம்பவில்லை. பால் இன்னும் குளிர்ந்திருக்கவில்லை. காலையில் வந்து திறந்தால் 1,800 லிட்டரும் திரிந்துவிட்டது. எங்கள் பதிவேட்டைப் பார்த்தார்கள். ஒன்பது மணி முதல் விடியற்காலை ஐந்து வரை அரை மணிக்கு ஒரு தடவை, பதினேழு தடவை, 'அனுப்பப்பட்டது' என்று இருந்தது. அப்புறம் என்ன? மெசேஜ் வந்தும் ஆள் தூங்கிவிட்டார் என்று பெரியவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மற்ற ஐந்து பேருக்கும் ஏன் தெரியவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்களும் வாய் திறக்கவில்லை, யாருக்குத்தான் பயம் இருக்காது.

மூன்றாம் நாள் நான் அந்தப் பதிவேட்டை முழுதாகத் திறந்தேன். நிலை என்ற பத்தியை மட்டும்தான் எல்லோரும் பார்த்திருந்தார்கள். அதற்கு இடப் பக்கம் எண் என்ற பத்தி. நூற்றிரண்டு வரியிலும் ஒரே எண். 2147483647.

எனக்குக் கரும்பலகையின் வலது மூலை கண்ணில் தெரிந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் ஏதோ வெளியூர் நம்பர் என்று போயிருப்பார்கள்.

நடந்தது இதுதான். தொலைபேசி எண்ணைச் சேமிக்கும் பத்தியை நான் 32 பிட் முழு எண்ணாக வைத்திருந்தேன். அப்போது நம் நாட்டுக் கைப்பேசி எண்கள் 9-இலோ 8-இலோ 7-இலோ தொடங்கிய பத்து இலக்கம். எதுவும் அதில் அடங்காது. நாங்கள் வைத்திருந்த அமைப்பில் தரவுத்தளம் பிழை என்று கத்தாமல், அடங்காத எண்ணை எல்லாம் தன் எல்லைக்கு வெட்டிச் சேமித்துவிட்டது. சோதிக்கவில்லையா என்று கேட்பீர்கள். சோதித்தேன். சோம்பலில் 1234567890 என்று கொடுத்துச் சோதித்தேன். அது 214 கோடிக்குள் அடங்குகிற எண்! அப்படியே சேமித்து அப்படியே காட்டியது. மெசேஜ் போகிறதா என்பதைத் தனியாக, என் சொந்த எண்ணை நிரலிலேயே எழுதிச் சோதித்தேன். அதுவும் போனது. இரண்டு பாதியும் தனித்தனியே தேறிவிட்டன. சேர்த்து ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. 'அனுப்பப்பட்டது' என்பதற்கு மோடம் வாங்கிக்கொண்டது என்றுதான் அர்த்தம், போய்ச் சேர்ந்தது என்று அல்ல. அந்த வார்த்தையைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான்.

திருத்தம் ஒரே வரி. தொலைபேசி எண் என்பது எண்ணே இல்லை. இரண்டு பேருடைய நம்பரைக் கூட்டி யாரும் கணக்குப் போடுவதில்லை. எழுத்தாகச் சேமிக்க வேண்டியது. ஐந்து நிமிடத்தில் மாற்றிவிட்டேன்.

மேலாளரிடம் சொன்னேன். "மாத்திட்டே இல்ல? அதோட விடு. வெளியே சொன்னா பில்லும் வராது, அடுத்த ஆர்டரும் வராது. அவங்க ஆள் மேலே அவங்களே நடவடிக்கை எடுத்தாச்சு" என்றார். அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. பத்துக் குடும்பம் அந்த நிறுவனத்தை நம்பியிருந்தது. ஆனால் நான் நான்கு நாள் பேசாமல் இருந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்த நாலு நாளும் வேலைக்குப் போனேன், சாப்பிட்டேன், ஒரு சினிமாகூடப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். பதிவேட்டின் அச்சுப் பிரதியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். காகிதத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப அந்த மெசேசெல்லாம் ஆருக்குப் போச்சுங்க தம்பி?" என்று கேட்டார். யாருக்கும் போகவில்லைங்க ஐயா என்றேன். அதை இரண்டு முறை கேட்டார். அந்த அம்மா மட்டும் உள்ளேயிருந்து, "இவரு ராத்திரி பூரா போனைத் தலைமாட்டுலயே வெச்சுருந்தாருங்க" என்றார்.

மறுநாள் அவரையே அழைத்துக்கொண்டு பால் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய், எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவரைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்குப் பில் வரவில்லை. சில மாதத்தில் நானும் அந்த நிறுவனத்தைவிட்டு வந்துவிட்டேன். போ என்று சொல்லவில்லை, இருக்க முடியவில்லை. பெரியவர் மறுபடி கயிற்றுக் கட்டிலை ஜெனரேட்டர் பக்கத்தில் போட்டுக்கொண்டார். கருவி சரியாகிவிட்டது என்று எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. நியாயம்தானே.

அதற்குப் பிறகு இந்த எண் எங்கே தென்பட்டாலும் நின்று பார்ப்பேன். 2014 டிசம்பரில் கங்னம் ஸ்டைல் பாடலின் பார்வை எண்ணிக்கை இதைத் தாண்டியபோது, எண்ணியை 64 பிட்டுக்கு மாற்றியதாக யூடியூப் சொன்னது, எல்லோரும் சிரித்தார்கள். 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் போயிங் 787 பற்றி வெளியிட்ட உத்தரவுக்கு யாரும் சிரிக்கவில்லை. தொடர்ந்து 248 நாள் மின்சாரத்தை நிறுத்தாமல் வைத்திருந்தால் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவியின் எண்ணி நிரம்பி, எல்லா ஜெனரேட்டரும் ஒருசேர நின்றுபோகலாம் என்று அதில் இருந்தது. நொடியில் நூறில் ஒரு பங்கு என்று எண்ணிக்கொண்டு போனால் 2³¹ நிரம்ப 248 நாளும் அரை நாளும் ஆகும், போட்டுப் பாருங்கள். ஆய்லரின் 248-உம் இந்த 248-உம் ஒன்றாக வந்தது வெறும் தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பார்க்கும்போது கொஞ்சம் சிலிர்த்தது.

இனி வரப்போவது ஒன்று இருக்கிறது. பல கருவிகளில் நேரம் என்பது 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளின் எண்ணிக்கை. அதை 32 பிட்டில் வைத்திருக்கும் கருவிகளில், 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு எண்ணிக்கை 2147483647 ஆகும். பொங்கல் முடிந்த நாலைந்து நாளில். அடுத்த நொடி அவற்றுக்கு 1901 டிசம்பர். புதிய கணினிகளில் 64 பிட் வந்துவிட்டது, அது நிரம்ப 29,000 கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். அவற்றைப் பற்றிக் கவலையில்லை. சுவரில் மாட்டிவிட்டு மறந்துபோன சின்னச் சின்னக் கட்டுப்பாட்டுக் கருவிகள்தான் கவலை. 2013-க்கும் 2016-க்கும் இடையில் நானே வடிவமைத்தவற்றில் நாற்பத்தொன்று 32 பிட் கடிகாரத்தோடு போயிருக்கின்றன. பம்ப் அறைகள், குளிர்ப்பதனக் கிடங்குகள், ஒரு நெல் உலர்த்தும் ஆலை. என்னிடம் பட்டியல் இருக்கிறது. பதினாறைப் பார்த்து மாற்றிவிட்டேன். மீதி இருபத்தைந்து.

அவற்றில் ஆறு இந்தக் கல்லூரியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கின்றன. கடிகாரத்தை 2038 ஜனவரி 18-க்குத் தள்ளி வைத்துவிட்டு, இரவு முழுக்க உட்கார்ந்து என்ன செய்கிறது என்று எழுத வேண்டும். இறுதியாண்டு மாணவர்கள் இரண்டு பேர் வேண்டும், பிராஜெக்டாகவும் எடுத்துக்கொள்ளலாம் என்று துறைத் தலைவர் சொல்லியிருக்கிறார். பஸ் கட்டணமும் சாப்பாடும் என்னுடையது. விருப்பமுள்ளவர்கள் மதியச் சாப்பாட்டின்போது என்னைப் பார்க்கலாம். கணக்கு சார் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.